முப்புரிக் கயிறு

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தொங்கும் முப்புரிக் கயிறு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொல்லாஜன் புரதமும் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சொன்னவர் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி.என்.ராமச்சந்திரன். சி.வி.ராமனிடம் பயின்ற இயற்பியலாளர். உயிரியல் அவர் படித்த பாடமே அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு 1954இல் இந்த அமைப்பை முன்வைத்தார். மறு ஆண்டே முறுக்கைத் திருத்தினார். மூன்று இழைகளும் நெருங்கும் உள்பக்கத்தில் இடமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது.

1963இல் சக ஆய்வாளர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் இன்னும் எளிய கேள்வி: அணுக்களைக் கெட்டிக் குண்டுகளாக வைத்துக்கொண்டால், முட்டிக்கொள்ளாமல் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கும்? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் திரும்ப இரண்டே கோணங்கள்; அவற்றை இரு அச்சுகளாக வைத்தால் ஒரு சதுரக் கட்டம். பெரும்பகுதி ‘கூடாது’ என்றே வந்தது. (எது நடக்காது என்று முதலில் கேட்பது இயற்பியல்காரர் புத்தி, எனக்கு அதுதான் பிடித்தது.)

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், புதிதாகக் கண்டறியும் புரத வடிவத்தை இன்றும் அந்தக் கட்டத்தில், அதாவது ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.