வழி தாவியது யாருக்காக?

பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலிலும், அதைத் தழுவி 1984-இல் டேவிட் லிஞ்சும் 2021-இல் டெனி வில்னுவும் எடுத்த திரைப்படங்களிலும், பால் என்னும் இளைஞனுக்கு ‘குவிசாட்ஸ் ஹடராக்’ என்றொரு விசித்திரமான பட்டம் வழங்கப்படுகிறது. கேட்பதற்கு மந்திரம் போல் ஒலிக்கும் இச்சொல், ‘கெஃபிட்சாத் ஹடெரெக்’ என்னும் பழைய எபிரேயத் தொடரின் திரிபு. ‘வழியின் தாவல்’ என்பது அதன் அர்த்தம். தாவுவது மனிதன் அன்று, வழி.

இந்த அற்புதம் மூவருக்கு வாய்த்ததென்று பாபிலோனியத் தால்முட் கூறும். எஜமானர் ஆபிரகாமின் குமாரனுக்குப் பெண் தேடிப் பத்து ஒட்டகங்களுடன் நெடுந்தொலைவு புறப்பட்ட ஊழியன் எலியேசர், அந்தி வேளையில் ஊர்ப்புறத்துக் கிணற்றடியில் ஒட்டகங்களை மண்டியிடச் செய்து நிற்கிறான். தோளில் குடத்துடன் வந்த ரெபேக்காள் அவன் தாகத்தைத் தணித்து, ஒட்டகங்களுக்கும் மொண்டு மொண்டு வார்க்கிறாள். தான் இன்று கிணற்றடிக்கு வந்ததாக அவள் வீட்டாரிடம் அவன் சொன்ன அந்த ‘இன்று’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, புறப்பட்ட அன்றே அவன் வந்து சேர்ந்தான், பூமியே அவனுக்காகச் சுருங்கிற்று என்று ரபிமார் வியாக்கியானம் செய்தனர். இரண்டாமவன் யாக்கோபு, ஆரானை அடைந்த பின், முன்னோர் பிரார்த்தித்த ஸ்தலத்தைப் பிரார்த்திக்காமல் கடந்துவிட்டோமே என்று மனம் நொந்து, திரும்பிப் போக நினைத்த க்ஷணத்தில் அவனுக்குப் பாதை சுருங்கிற்று. மூன்றாமவன் அபிசாய், ஆபத்தில் சிக்கிய தாவீதைக் காக்க விரைந்தவன். இம்மூவரில் ஒருவனும் அந்தச் சக்தியை வேண்டித் தேடியவன் அல்லன்.

‘டியூன்’ கதையிலோ பெனி ஜெசரிட் என்னும் பெண்கள் சபை, தலைமுறை தலைமுறையாக வம்சங்களைக் கணக்கிட்டு மணமுடித்து வைத்து, அந்தப் பட்டத்துக்கு உரியவனாக, தேச காலங்களைக் கடந்து காணவல்ல ஒரு புருஷனை உண்டாக்கப் பிரயத்தனம் செய்கிறது. பாலின் கையை ஒரு பெட்டிக்குள் வைக்கச் செய்து, கழுத்தருகே விஷ ஊசியை நீட்டி, கை வெந்து கருகுவது போன்ற வேதனையை ஊட்டிச் சோதிக்கிறாள் சபையின் மூதாட்டி. வெளியே எடுத்த கையில் ஒரு வடுவும் இல்லை. கிருபையாக வரவேண்டியதைக் கணக்கினால் வரவழைக்க நினைத்ததே அச்சபையின் பிழை என்பது என் துணிபு.

பட்டத்தின் பழைய பொருளுக்கு அக்கதையில் மிக அருகில் நிற்பவள், அச்சபையைச் சேர்ந்தவளான பாலின் தாய் ஜெசிகாதான். பெண்ணையே பெறவேண்டும் என்று சபை இட்ட கட்டளையை மீறி, தான் நேசித்த பிரபு ஆசைப்பட்டதற்காக அவள் ஆண்மகவைப் பெற்றாள். சபையின் கணக்குப்படி அந்தப் புருஷன் தோன்றவேண்டியது அதற்கு அடுத்த தலைமுறையில்.