ஊசியின் சுமை யாருடையது?

நோய் ஒருவருடையது, எனவே அதன் சுமையும் அவருடையதே என்பது பொதுவழக்கு. இக்கூற்று அறத்தோடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, நீரிழிவு நோயாளர் பெறும் இன்சுலின் சிகிச்சையைக் கொண்டு ஆராய்வோம்.

1921இல் ரொறொன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 தை மாதத்தில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. 1923இல் அதன் காப்புரிமை ஆளுக்கு ஒரு டொலர் என்ற பெயரளவு விலைக்கே ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்து பொதுச் சொத்து என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது. நம் நாட்டு அரச வைத்தியசாலைகளும் மருந்தை இலவசமாகவே வழங்குகின்றன. அவ்வளவில் சமூகத்தின் கடமை நிறைவெய்திவிடுமா?

ஸ்பிரிங்வெளியில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி இந்நோய்க்கு ஆளானாள் எனக் கொள்வோம். ஊசி ஏற்றியபின் அவள் நேரத்துக்கு உண்ண வேண்டும். பெரட்டும் மலையும் அந்நேரத்தை அவள் கையில் விடுவதில்லை. உணவு பிந்தினால் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து, உடல் நடுங்கிச் சரிவிலே மயங்கி விழவும் நேரும். பதுளைக்குக் கிளினிக் சென்றால் அன்றைய பெயர் இல்லை, நாட்சம்பளமும் இல்லை. திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் பேண வேண்டும். லயன் அறையில் குளிர்ப்பெட்டி எங்கே? நோய் அவளிடம் கேட்டது ஊசியை மாத்திரமே. எஞ்சியவை யாவும் நம் ஏற்பாடுகள் கேட்டவை. இயற்கை சுமத்தியதற்கு இரங்கலாம். மனிதர் சுமத்தியதற்கோ பொறுப்பேற்றல் வேண்டும்.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என நான்காக வகுத்தார். முதல் மூன்றையும் நாம் மறந்திலோம், நான்காவதையே மறந்தோம். தோட்டத்திலே அந்நான்காமவர் சமூகமே என்க.

மருந்துக்கே பணம் போதாத நாட்டில் நோயாளரின் வசதியைப் பேசுவது ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா உயிரையும் வசதியையும் இருவேறாகக் கருதுவதால் எழுவது. தாங்கவியலாத சிகிச்சை இடையிலே கைவிடப்படும். இன்சுலினையே முற்றாகச் சார்ந்து வாழ்பவர் அதனை நிறுத்தின் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே சுமையைக் குறைத்தல் உயிரைக் காத்தலின் ஒரு பகுதியே. அன்றியும், அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்துக் குளிர்ப்பெட்டியில் மருந்தை வைத்து வழங்கலாம். கிளினிக் நாளுக்குச் சம்பளம் அளிக்கலாம். வேலையிடையே உண்ணும் நேரத்தை உரிமையாக்கலாம்.

வாரம் ஒருமுறை ஏற்றும் இன்சுலினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அனுமதி வழங்கியது. விஞ்ஞானம் ஏழு ஊசியை ஒன்றாக்கியது பாராட்டுக்குரியது. எனினும் ஏற்கெனவே சுமை குறைந்தோரையே அது முதலில் சென்றடையுமாயின், அறிவு வளர்ந்தது என்போம். அறம் வளர்ந்தது என்று கூறோம். சுமை மிகுந்த தோளிலிருந்து அதனை முதலில் இறக்குவதே நீதி.