வந்தவருக்காகக் காத்திருத்தல்

"இயேசு சாமி எப்பவோ பிறந்தாச்சே, பின்ன நாம யாருக்கும்மா காத்திருக்கோம்?"

திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றியபோது என் இளைய மகன் கேட்ட கேள்வி இது. அவன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 'அவருடைய பிறந்தநாளுக்கு ஆயத்தம் செய்கிறோம்' என்று சொல்லி முடித்திருக்கலாம். பல வீடுகளில் சொல்லப்படும் பதில் அதுதான். அது மட்டுமே பதிலானால், வந்துவிட்டவரை இன்னும் வராதவர்போல வைத்து நான்கு வாரம் நடிக்கிறோம் என்றாகிவிடும். விசுவாசத்தை நடிப்பாகக் கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்தபின் அதை வேஷத்தைப்போலக் களைந்துவிடும் என்பது என் பயம்.

திருச்சபை தேர்ந்துவைத்திருக்கும் வாசகங்களைப் பாருங்கள். முதல் ஞாயிறு நற்செய்தியில் தொழுவமும் இல்லை, பாலகனும் இல்லை. உலக முடிவைப் பற்றிப் பேசி, விழித்திருக்கச் சொல்லும் இயேசுதான் இருக்கிறார். அடுத்த இரண்டு ஞாயிறும் திருமுழுக்கு யோவான். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவராயிருந்த புனித பெர்னார்து, ஆண்டவருக்கு மூன்று வருகைகள் உண்டென்று போதித்தார். பெத்லகேமில் வந்தது ஒன்று. மாட்சியோடு வரப்போவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் இன்று மனிதரிடம் வருவது ஒன்று.

"மூணு தடவை வாறாரு மக்களே. ஒண்ணு முடிஞ்சிட்டு. ஒண்ணு இனிமேதான். ஒண்ணு இன்னைக்கு" என்றேன்.

"இன்னைக்குன்னா எப்போ?" என்றான்.

எங்கள் வீட்டில் டிசம்பர் மாலைகள் எல்லாம் அந்த 'எப்போ'வுக்காகத்தான். அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதம். நீண்ட ஜெபத்துக்குப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. அதனால் குடும்ப ஜெபத்தின்போது திருவருகைக் கால வளையத்தின் திரிகளை ஏற்றி, ஒரு சிறு வாசகம் மட்டும் வாசிக்கிறோம். வளையம் சவுக்குத் தழையில் கட்டியது. நாகர்கோவிலில் ஊதா மெழுகுதிரிக்கு அலைவதைவிட, வெள்ளைத் திரியில் ரிப்பன் சுற்றுவது எளிது: மூன்றுக்கு ஊதா, மகிழ்ச்சி ஞாயிறுக்கு ரோஸ்.

இந்த வழக்கத்தின் பிறப்பைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்வேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் வீகெர்ன் என்ற புராட்டஸ்டன்ட் இறையியலாளர், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளை வரிசையாக வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாட்களுக்குச் சின்னவை. 'கிறிஸ்துமஸ் எப்போ வரும்' என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளை அவர் அதட்டவில்லை. அவர்கள் கேள்விக்கு நாளுக்கொரு வெளிச்சம் கொடுத்தார். ஒரு கத்தோலிக்க வீட்டு மேசையில் அவருடைய வளையம் எரிவது எனக்குப் பெரிய ஆறுதல்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் காலம் தொடங்கும்போதே கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவும் நடக்கும். டிசம்பர் 3 புனித சவேரியாரின் திருநாள். முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த அவர், தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபம் கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களையே அனுப்பினார். இந்தக் கடற்கரையில் பல வீடுகளுக்குள் ஜெபம் நுழைந்தது பிள்ளைகள் வழியாக. ஆகவே வாசகத்தை வாசிக்கும் பொறுப்பை நானும் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் தீவனத்தொட்டி காலியாக இருக்கும். யாருக்காவது ஒரு நன்மை செய்தவர் அதில் ஒரு வைக்கோல் போடலாம். யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று எவரும் கேட்பதில்லை. "வைக்கோல் குறைஞ்சா இயேசு வரமாட்டாராம்மா?" என்று மூத்தவள் ஒருமுறை கவலைப்பட்டாள். விடுதியில் இடமே கிடைக்காத ஊருக்கு வந்தவர் அவர். நாம் நல்லவர்களானால்தான் வருவார் என்று பிள்ளைகள் நம்பிவிட்டால், நற்செய்தியின் அடிவேரே அறுந்துபோகும். வைக்கோல் கூலி ஆகாது. வருகிறவர்மேல் உள்ள பிரியத்தில் செய்யும் ஆயத்தம், அவ்வளவுதான்.

குடிலின் பசுமைக்காக டிசம்பர் நடுவில் ஒரு தட்டில் கேழ்வரகு விதைப்போம். தண்ணீர் தெளிப்பது இளையவன் வேலை. தெளிக்காவிட்டால் காய்ந்துவிடும், ஆனால் முளைக்க வைப்பது அவன் கையில் இல்லை. ஆண்டவருக்காகக் காத்திருப்பதும் இப்படித்தான்: செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, வருகை மட்டும் அவருடைய கொடை.

டிசம்பர் 17 தொடங்கி 23 வரை, மாலைச் செபத்தில் மெசியாவை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் அழைப்பது திருச்சபையின் பழைய மரபு: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். அந்நாட்களில்தான் மார்கழியும் பிறக்கிறது. விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். பக்கத்து வீட்டு வாசலில் கோலம் விழும். இறைவனுக்காக ஊரே சீக்கிரம் எழுகிற மாதத்தில், நாங்களும் விழித்திருக்கக் கற்கிறோம்.

கடைகளில் நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் வந்துவிடுகிறது. அதோடு எனக்குச் சண்டையில்லை. எங்கள் வாசலிலும் நட்சத்திரம் டிசம்பர் முதல் தேதியே எரியும். ஆனால் குழந்தை இயேசு சுரூபம் 24-ஆம் தேதி இரவுவரை பீரோவில்தான் இருக்கும். முந்திரிக்கொத்து பொரித்தாலும் திருப்பலி முடிந்துதான் டப்பா திறக்கும். இந்த ஞாயிறுகளில் எங்கள் கோவிலிலும் வானவர் கீதம் பாடுவதில்லையே. ஆசையை உடனே தீர்க்காமல் வளரவிடுவதும் அன்பின் ஒரு பயிற்சி.

பெர்னார்து சொன்ன நடு வருகையைப் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பார்க்கிறார்கள். தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு டிசம்பரில் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். கொடுத்துவிட்டு ஓடி வரக் கூடாது, உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும் என்பது விதி. பாட்டி சொன்ன கதையையே சொல்வார்கள், மூத்தவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பசித்தவருக்கும் தனித்திருப்பவருக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவர், 'இன்னைக்கு' வருவது அந்த வாசலில்தான். அங்கே அவரை அடையாளம் காணப் பழகாத பிள்ளை, நட்ட நடு இரவில் குடிலுக்கு முன் முழந்தாளிட்டாலும் பொம்மையைத்தான் பார்க்கும். பழகிய பிள்ளை, அவர் எந்த முகத்தோடு வந்தாலும் தெரிந்துகொள்ளும். என் பிள்ளைகளுக்கு நான் விட்டுச்செல்ல விரும்புவது அந்தக் கண்களைத்தான்.