கோப்பில் நிற்கும் காடு

அமெரிக்காவில் காட்டையும் வயலையும் காக்கும் நில அறக்கட்டளைகளுக்கு 2008 முதல் அங்கீகாரம் வழங்கப்படுகிறது. விண்ணப்பித்தால், அங்கீகார ஆணையம் சில நிலங்களின் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். பத்திரம், வில்லங்க விவரம், ஆண்டுதோறும் நிலத்தைப் பார்வையிட்ட அறிக்கை எல்லாம் வேண்டும்தான். ஆனால் உயிரானது, நிலத்தைக் காப்பதாக உரிமையாளருடன் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதியபோது அது எப்படி இருந்தது என்று சொல்லும் அடிப்படை அறிக்கை. ஓடை எங்கே, வேலி எதுவரை, கொட்டகையின் நீள அகலம், வரைபடம், புகைப்படம், கீழே உரிமையாளரின் கையெழுத்து. ஐம்பது ஆண்டு கழித்து நிலத்தை வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறி அங்கே கட்டடம் எழுப்பினால், வழக்கில் கைகொடுக்கப்போவது இந்தத் தாள்தான். கையெழுத்திட்டவர் அப்போது உயிரோடு இருப்பாரா? விண்ணப்பத் தேதிவரை காத்திராதீர்கள். ஒப்பந்தம் முடியும்போதே அறிக்கையையும் முடித்து, அசலை ஓரிடத்திலும் நகலை வேறிடத்திலும் வையுங்கள்.