தோலைக் கடந்த பார்வை

ஜனக மன்னரின் அவைக்கு ஒரு நாள் சிறுவன் ஒருவன் வந்தான். எட்டு இடங்களில் வளைந்த உடல், தள்ளாடும் நடை. கண்ட பண்டிதர்கள் நகைத்தனர். சிறுவனும் உரக்கச் சிரித்தான். மன்னர் காரணம் வினவியபோது, ஞானிகளின் அவை என்று நம்பி வந்ததாகவும், தோலை மட்டுமே காண்பவர்கள் அங்கு அமர்ந்திருப்பதாகவும் விடையளித்தான் என்பது வழிவழியாக வழங்கிவரும் கதை. அச்சிறுவனே அஷ்டாவக்ரர். மன்னர் அவருக்கே சீடரானார்.

அந்த அவை இன்னும் கலையவில்லை, வகுப்பறைகளிலும் கூடுகிறது. திக்கிப் பேசும் தோழனைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்கும் குழந்தைகள் தீயவர்கள் அல்லர், அறியாதவர்கள். சக்கர நாற்காலியில் செல்பவரைக் கண்டு, ‘இவர் ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்கும் குழந்தையை, ‘அப்படிப் பார்க்காதே’ என்று அதட்டி இழுத்துச் செல்கிறோம். விடை பெறாத கேள்வி அச்சமாக உறைந்துவிடுகிறது.

இந்த அறியாமையைப் போக்கப் பள்ளிக்குச் செல்லும் தொண்டர் செய்வது வித்யாதானம். ஆனால் எதைக் கற்பிப்பது? குழந்தையின் கண்களைக் கட்டிப் பத்து நிமிடம் நடக்கச் செய்தால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அதில் குழந்தை உணர்வது இருளையும் பயத்தையுமே. வெண்கோல் ஏந்தித் தனித்து நடப்பவர் பயிற்சியால் பெற்ற திறமையை அன்று. ‘ஐயோ, பாவம்!’ என்ற இரக்கமே எஞ்சும். அதுவும் தோலோடு நின்றுவிடும் பார்வைதான்.

மாறாக, குழந்தை பிரெயில் முறையில் தன் பெயரை எழுதக் கற்கட்டும். 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழ், இந்தி, வங்காளம் முதலிய மொழிகளெல்லாம் அதே ஆறு புள்ளிகளில் அமைவதைக் கண்டு வியக்கட்டும். சைகை மொழியில் வணக்கம் கூறட்டும். இயன்றால் மாற்றுத்திறனாளி ஒருவரே ஆசிரியராக வந்து பேசட்டும். தொண்டர் அருகிலிருந்து உதவட்டும்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் குறித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் குறிக்கிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம் போன்று பார்த்தவுடன் புலப்படாதவையும் அவற்றுள் அடங்கும். ‘மக்கு’ என்று ஒதுக்கப்பட்ட மாணவனும் அவர்களுள் ஒருவனாக இருக்கலாம் என்பதை வகுப்பு உணருமானால், ஒரு குழந்தையின் வாழ்வே மலரும்.

உதவி பெறுபவருக்கு, உதவுபவரே நன்றியுடையவராக இருக்க வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தர் கர்ம யோகத்தில் காட்டிய நெறி. அந்நெறியில் நிற்கும் தொண்டர் பாடத்தின் முடிவில் கைதட்டலை எதிர்பார்க்க மாட்டார். நண்பகல் உணவு வேளையில், தனித்து அமர்ந்திருக்கும் அந்த மாணவனுக்குத் தோழர்கள் நகர்ந்து இடம் தருகிறார்களா என்பதையே காண்பார். இடம் தந்தார்கள் எனில், அவர்கள் ஆன்மாவைக் காணத் தொடங்கிவிட்டார்கள். அதுவே இறைவனுக்கு உகந்த பூஜை.