தண்ணீரும் பொய்க் கணக்கும்



காலையில் எழுந்தவுடன் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வருகிறது. முகம் கழுவுகிறோம்; உலை வைக்கிறோம்; பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். அதை யார் சோதித்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதனை நம்பித்தான் தம்ளரை வாயில் வைக்கிறோம். அவன் தன் வேலையைச் சரிவரச் செய்திருப்பான் என்பதே நம் தைரியம். இந்த நம்பிக்கையைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். ஜனத்தொகை ஏறக்குறைய 5,000. அங்கே 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்தது. ஊருக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில் ஒன்று ஆழமில்லாதது. பக்கத்து நிலத்தில் உரமாக இட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து கிருமிகள் மழைநீரோடு இறங்கி அந்தக் கிணற்றில் கலந்தன. ஈ.கோலை என்ற இனத்திலே கொடியதொரு வகை அது. குடலைப் புண்ணாக்கும், சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 7 பேர் மாண்டார்கள்.

கிணற்றில் கிருமி சேர்வது உலகத்தில் புதுமையன்று. அதற்காகவே குளோரின் கலக்கிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும்போது தானும் செலவாகிவிடும். ஆகையால் கலந்து கால் மணி நேரம் சென்ற பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதி நிற்க வேண்டும் என்பது அப்போது அங்கே இருந்த விதி. மீதி குறைந்தால் தண்ணீரில் ஏதோ கெடுதல் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தினமும் அதை அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது. சில நிமிஷ வேலைதான்.

அந்தச் சில நிமிஷ வேலையை அங்கே செய்யவில்லை. தண்ணீர் விநியோகத்தைக் கவனித்த மானேஜரும் மேஸ்திரியும் குளோரினைக் குறைவாகவே கலந்து வந்தார்கள். அநேக நாட்களில் அளக்காமலே 0.5 என்றோ 0.75 என்றோ எழுதி வைத்தார்கள். வருஷக்கணக்காக இப்படி நடந்தது என்று நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2002-இல் வெளிப்படுத்தியது.

இனி நாம் யோசிக்க வேண்டிய கேள்விக்கு வருவோம். இவர்களுக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லை. தங்கள் ஊர்க் கிணற்று நீர் சுத்தமானது என்று மனதார நம்பினார்கள். தாங்களும் அதையே குடித்தார்கள். குளோரின் ருசி பிடிக்கவில்லை என்று ஊராரில் சிலர் முறையிட்டதும் அவர்கள் எண்ணத்துக்கு வலுவாயிற்று. அப்படியானால் அவர்கள் குற்றம் என்ன? குறிப்பேட்டில் எழுதிய ஓர் இலக்கம், அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம்.

அறியாமை இரண்டு வகை. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அதற்கு மனிதன் பொறுப்பாளியல்ல. கையை நீட்டினால் நீக்கிவிடக்கூடிய அறியாமை மற்றொன்று. அது அறியாமை என்ற பேரில் நடமாடும் அசட்டை. தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று அறிவதற்கென்றே அவர்களிடம் கருவி இருந்தது, உத்தியோகம் இருந்தது, சம்பளமும் இருந்தது. “எனக்குத் தெரியாது” என்று சொல்ல உரிமையில்லாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள்.

சாணம் இட்ட விவசாயியை எண்ணிப் பாருங்கள். கிருமி புறப்பட்டது அவருடைய நிலத்திலிருந்துதான். ஆயினும் அவர் முறைப்படியே உரமிட்டார், அவர்மேல் குற்றமில்லை என்று விசாரணை தீர்த்துச் சொல்லிற்று. அசுத்தம் வந்த இடத்தில் குற்றம் இல்லை. அசுத்தத்தைப் பார்க்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்ட இடத்தில்தான் குற்றம் இருந்தது. தீமை வந்த வழி வேறு, தீமைக்குப் பொறுப்பாளி வேறு. நம் குடும்பங்களில் யார்மேல் பழி போடுவது என்று அவசரப்படும்போதும் இந்தப் பேதத்தை மறவாதிருப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொய் தனியே வாழாது. அதற்குத் துணை வேண்டும். மே 17-ஆம் தேதி பரிசோதனைச் சாலையிலிருந்து மானேஜருக்குத் தகவல் வந்தது: தண்ணீரில் கிருமி இருக்கிறது. 19-ஆம் தேதி, பக்கத்துப் பட்டணமான ஓவன் சவுண்டில் குழந்தை மருத்துவர் ஒருவர் தம்மிடம் வந்த வாக்கர்ட்டன் பிள்ளைகளின் நோயைக் கண்டு சுகாதார அதிகாரிகளை எச்சரித்தார். அதிகாரிகள் உடனே மானேஜரைக் கேட்டார்கள். “தண்ணீர் நன்றாய்த்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னார்? மற்றொரு கிணற்றைக் குளோரின் கருவி இல்லாமலே ஓட்டியது வெளியே வந்துவிடும் என்ற பயம். முதற்பொய்யைக் காக்க இரண்டாம் பொய். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே எச்சரிக்கை வந்திருக்கும். 300 முதல் 400 பேர் நோய்க்குத் தப்பியிருப்பார்கள் என்று அறிக்கை கணக்கிடுகிறது. அதிகாரிகளோ சந்தேகம் தீராமல், தங்கள் சோதனையின் முடிவுக்கும் காத்திராமல், 21-ஆம் தேதி ஞாயிறன்று தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவித்தார்கள். அந்த மருத்துவரும் இந்த அதிகாரிகளும் செய்தது அதிசயமொன்றுமில்லை. கண்ணுக்குப் பட்டதைக் கவனித்தார்கள், கவனித்ததைச் சொன்னார்கள்.

குற்றம் இருவரோடு நின்றதா? இல்லை. அந்தக் கிணறு ஆழமில்லாதது, பக்கத்தில் விவசாய நிலம் இருக்கிறது என்று 1978-இல் தோண்டியபோதே எச்சரிக்கை எழுந்தது. மேற்பார்வை செய்ய வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கவில்லை. கெட்ட முடிவைச் சுகாதார அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டுமென்று பரிசோதனைச் சாலைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அப்போது இல்லை. பழி பலருக்கு உண்டு. ஆனால் பழி என்பது ரொட்டித் துண்டல்ல, பலருக்குப் பங்கிட்டால் அவரவர் பங்கு சிறிதாகிப்போவதற்கு. அவரவர் கடமை எவ்வளவோ, அவ்வளவும் அவரவர் தலைமேல் முழுசாக நிற்கும். 2004-இல் அந்த இருவரும் நியாயஸ்தலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு ஓராண்டு சிறை. மற்றவருக்கு 9 மாதம் வீட்டுக்காவல்.

பிரியமானவர்களே, இது தூர தேசத்துக் கதை என்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். உங்களில் யாரிடம் குறிப்பேடு இல்லை? ஆஸ்பத்திரியில் சுரமானியை வைக்காமலே சூட்டைக் குறிக்கிற கை உண்டு. பஸ்ஸின் பிரேக்கைப் பாராமலே “சரி” என்று கையெழுத்திடுகிற கை உண்டு. வராத பிள்ளையை வந்ததாக எழுதுகிற கை உண்டு. “எல்லோரும் செய்வதுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்கிறோம். நேற்று நஷ்டமில்லை; முந்தாநாள் நஷ்டமில்லை. வாக்கர்ட்டனிலும் வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தது. மழை என்றைக்குப் பெய்யும் என்று பொய் எழுதுகிறவனுக்குத் தெரியாது.

ஆகவே இரவில் மனச்சாட்சியைச் சோதிக்கும்போது, இன்று யாரைக் கோபித்தேன், யாரை ஏசினேன் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இன்று பாராமல் எதைப் பார்த்தேன் என்று எழுதினேன்? கேட்டவரிடம் எதை மறைத்தேன்? என்றும் கேளுங்கள். முதற்பொய்யைச் சொல்லிவிட்டவருக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை. இரண்டாம் பொய்க்கு முன்னால் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் வெட்கம் வரும், வேலையும் போகலாம். ஆனால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

நாளைக் காலையில் குழாயைத் திறக்கும்போது, முகம் தெரியாத அந்த மனிதனை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவனை நம்பி நீங்கள் குடிப்பது போல, உங்களை நம்பியும் யாரோ எங்கோ ஒரு தம்ளரை வாயில் வைக்கிறார்கள்.

உங்கள் பங்குக் குரு