உருப்படி

தரமணியில் ஆபீஸ், மயிலாப்பூரில் வீடு, நடுவே பறக்கும் ரயில். சாயங்காலம் உட்கார இடம் கிடைத்தால் ஒரு அத்தியாயம் படித்துவிடலாம் என்பது என் பல வருடக் கணக்கு. 2019 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் வாங்கிய ‘ஏழாம் உலகம்’ நாவலையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோட்டூர்புரம் தாண்டி, அடையாற்றின் மேல் ரயில் போய்க்கொண்டிருந்தபோது புத்தகத்தை மூடினேன். மூடியதோடு நிற்கவில்லை. அட்டை வெளியே தெரியாதபடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டில் ஒரு பாட்டி பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அவர் என் மடியைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் நான் எதையோ ஒளித்தேன்.

அது என்ன என்று அப்போது தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

*

நாவலைப் படிக்காதவர்களுக்கு: 2003இல் வெளியான ஜெயமோகனின் நாவல் அது. குமரி மாவட்டத்து போத்திவேலு பண்டாரம் முருக பக்தர். உடல் குறைபாடு உள்ளவர்களை வாங்கி, விற்று, கோயில் வாசல்களில் பிச்சைக்கு உட்காரவைப்பது அவருடைய தொழில். தொழிலில் அவர்களுக்குப் பெயர் ‘உருப்படி’. முத்தம்மை என்ற உருப்படியின் பிரசவத்தில் கதை தொடங்குகிறது. பிறக்கப்போகும் பிள்ளையும் சரக்குதான். குறையோடு பிறந்தால் லாபம். பாலா இயக்கி 2009இல் வந்த ‘நான் கடவுள்’ படத்தில் பிச்சைக்காரர்கள் வருகிற பகுதி இந்த நாவலிலிருந்து வந்தது. படத்தைப் பார்த்தவன்தான் நான். இருந்தும் நாவல் என்னை அடித்துப் போட்டது.

இதில் எனக்குக் கொஞ்சம் அவமானமும் இருந்தது. ஏனென்றால் நான் ‘டார்க்’கான புத்தகங்களைத் தாங்குகிறவன் என்று பெயர் வாங்கியவன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’, ‘நாளை மற்றுமொரு நாளே’ இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, ஹாஸ்டலில் அதை ஒரு மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன். யாராவது ஒரு நாவலை ‘மனசுக்கு இதமா இருக்கு’ என்று சொன்னால் உள்ளுக்குள் சிரிப்பேன். புத்தகம் என்றால் கோடரி மாதிரி இருக்க வேண்டும் என்று 1904இல் காஃப்கா நண்பருக்கு எழுதிய கடிதத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. உண்மையில் அந்தக் கோடரி என் மேல் விழுந்ததே இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டவன் நான்.

*

அன்று திருமயிலையில் இறங்கி நேராக வீட்டுக்குப் போகவில்லை. கபாலீஸ்வரர் கோயில் கிழக்கு கோபுரத்துப் பக்கம் நடந்தேன். வாசலில் வழக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தார்கள். சிறு வயதிலிருந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சில்லறை போட்டுப் பழகிய வரிசை. முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்துப் போடுவது எனக்கு நன்றாக வரும்.

அன்று பார்த்தேன். முகத்தை இல்லை, கை கால்களை. யாருக்கு என்ன குறை, யாரை யார் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள், மாலையில் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு நிமிடம்தான். அதற்குள் ஒரு பெரியவர் நிமிர்ந்து, “என்ன தம்பி?” என்று கேட்டார். ஒன்றும் சொல்லத் தெரியாமல் நகர்ந்துவிட்டேன். பிச்சை கேட்டவரிடமிருந்து தப்பித்துப் போவது எல்லோருக்கும் நடக்கும். நான் தப்பித்து ஓடியது ‘என்ன தம்பி’ என்று விசாரித்த ஒரு மனிதரிடமிருந்து.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நான்காம் புத்தகத்தில் லியோன்டியஸ் என்று ஒருவன் வருகிறான். துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு மதில் ஓரமாக நடந்துவரும்போது, கொலைத்தண்டனை பெற்றவர்களின் பிணங்கள் கிடப்பதைப் பார்க்கிறான். பார்க்க ஆசை, அருவருப்பும் கூடவே. முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் போராடுகிறான். கடைசியில் தோற்றுப்போய் ஓடிச்சென்று, கண்களை அகலத் திறந்து, தன் கண்களையே திட்டுகிறான். ஆன்மாவில் ஒன்றோடொன்று சண்டையிடும் பகுதிகள் உண்டு என்று காட்டத்தான் பிளேட்டோ இதைச் சொல்கிறார். எனக்கு இது இருண்ட புத்தகங்களை வாசிக்கிறவனின் கதையாகப் படுகிறது. நாம் லியோன்டியஸ்தான். என்ன, கொஞ்சம் நாகரிகமாக, ‘இலக்கியம்’ என்று சொல்லிவிட்டுப் பார்க்கிறோம்.

ஆனால் அருவருப்பு என்பது என்ன? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் ஒன்று இளிவரல். அருவருப்பு, தாழ்வுணர்ச்சி இரண்டின் வாடையும் உள்ள சொல். அது நான்கு காரணங்களால் பிறக்குமாம்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கல்லூரியில் எனக்குத் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் இதைப் படித்தபோது அந்தப் பட்டியலின் முன்னால் நெடுநேரம் நின்றேன். மலம், சீழ், புழு ஒன்றும் அதில் இல்லை. கிழடாவது, நோயில் விழுவது, துன்பப்படுவது, பலமில்லாமல் போவது, அவ்வளவுதான். எல்லாமே எனக்கும் வரப்போகிறவை. இன்னொன்றும் உண்டு. அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் முதலாவது இளிவு, பிறர் இகழ எளியவராகிப்போவது. அருவருப்புக்கும் அழுகைக்கும் நடுவே சுவர் மிக மெல்லியது என்று தெரிந்தவர்கள் போட்ட பட்டியல் அது.

கோயில் வாசலில் நான் கை கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது சுவரின் இந்தப் பக்கம் நின்று. ‘என்ன தம்பி’ என்ற குரல் வந்தது அந்தப் பக்கத்திலிருந்து.

*

இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து முழுதாகப் படித்தேன். கொடூரம் எனக்கு மெதுவாகப் பழகிவிட்டது. அது ஒரு செய்தி: எவ்வளவு கொடூரமானாலும் நூறு பக்கத்தில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. பண்டாரம் நல்ல அப்பா. பெண் பிள்ளைகள் மேல் உயிராக இருக்கிறார். மகளின் கல்யாணச் செலவை நினைத்துத் தூக்கம் கெடுகிறார். அந்தக் கவலைதான் அவரைத் தொழிலில் இன்னும் ஆழமாக இறங்கவைக்கிறது. அவர் ராட்சசன் என்றால் நான் நிம்மதியாகப் படித்திருப்பேன்.

அதே வருடம் ஜூனில் எங்கள் கிளையண்ட் ஒரு ப்ராஜெக்டைப் பாதியில் நிறுத்தினார். டீமில் நாலு பேரை விடுவிக்க வேண்டும், யார் யார் என்று நான் பட்டியல் தர வேண்டும். எக்செல் ஷீட்டின் முதல் காலத்தின் தலைப்பு ‘ரிசோர்ஸ்’. அடுத்து ஸ்கில், பில்லிங் ரேட், ரிலீஸ் தேதி. பத்து வருடமாகப் பார்க்கிற ஷீட். ‘ரெண்டு ரிசோர்ஸ் பெஞ்ச்ல இருக்கு’, ‘ஒரு ரிசோர்ஸ் அனுப்புங்க’ என்று தினமும் பேசுகிற பேச்சு. அஃறிணையில்தான் பேசுவோம். இருக்கு, வருது, போகுது. அன்று அந்தத் தலைப்பைப் பார்த்ததும் ‘உருப்படி’ என்று என் மண்டைக்குள் கேட்டது.

ஒப்பீடு அநியாயமானது என்று எனக்குத் தெரியும். ஏ.சி. அறையில் மூன்று மாதச் சம்பளத்தோடு வேலையிழப்பவரும் முத்தம்மையும் ஒன்றில்லை. அப்படிச் சொல்வது முத்தம்மைக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தச் சொல் செய்கிற வேலை ஒன்றுதான். ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணை வைப்பது. நாலு பேரில் ஒருவருடைய கல்யாணத்துக்கு முந்தின மாதம்தான் தஞ்சாவூர் போய் மொய் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

பட்டியலை அனுப்பினேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. நாவல் என்னைத் தடுக்கவில்லை. மெயிலில் சென்ட் அழுத்திவிட்டு பாண்டி பஜாருக்குப் போனேன். மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள், பிராக் வாங்க வேண்டும். மஞ்சளா நீலமா என்று அரை மணி நேரம் தடுமாறினேன். நல்ல அப்பாதான் நானும்.

இருண்ட புத்தகங்கள் நம்மை மேம்பட்ட மனிதராக்கும், பிறர் துயரை உணரவைக்கும் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் பிராக் ஞாபகம் வரும்.

*

புத்தகத்தை ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் கொடுத்தேன். ‘கண்டிப்பா படி, வேற லெவல்’ என்று சொல்லித்தான் கொடுத்தேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. நாலு நாளில் திருப்பிக் கொடுத்தாள். அடையாறில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

“நாப்பது பக்கம் படிச்சேன். போதும்.”

“ரொம்ப டார்க்கா இருக்கா?”

“உனக்கு டார்க். எங்க வீட்ல இதுக்குப் பேரு செவ்வாய்க்கிழமை.”

அவளுடைய அண்ணனுக்கு செரிப்ரல் பால்சி என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அம்மா, அம்மாவால் முடியாத நாட்களில் இவள். ஐந்து வருடம் பக்கத்து சீட். நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

“எழுதினது தப்புன்னு சொல்லல. நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா நீ இதைப் படிச்சிட்டு அதிர்ச்சி ஆகுற பாரு, அந்த அதிர்ச்சியை நாங்க தினம் ரோட்ல பாக்குறோம். அண்ணனை வீல்சேர்ல வெச்சு பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனா, எல்லார் மூஞ்சியிலும் அது இருக்கும்.”

நான் கோயில் வாசலில் நின்ற அந்த ஒரு நிமிடம் ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நான் பெரிதாகக் கொண்டாடியவன். எதிர்ப்புகளுக்குப் பிறகு, தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்தவரை மறுபடி எழுதச் சொன்ன தீர்ப்பு. பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, மூடி வைத்துவிடலாம் என்பது அதன் எளிய தர்க்கம். சட்டத்துக்கு அது போதும். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் ஒரு வாசகனாக எனக்கு அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நானும் மூடினேன், அவளும் மூடினாள். நான் ரயிலில் மூடியது, அப்படி ஒரு உலகம் இருப்பதைத் தாங்க முடியாமல். அவள் மூடியது, அதே உலகத்துக்கு ஆறு மணிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதால். ஒரு புத்தகத்தை ‘இருண்டது’ என்று சொல்லும்போதே, நான் வெளிச்சத்தில் நிற்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் அட்டையைக் கவிழ்த்து ஒளித்தது அதைத்தானோ என்னவோ.

*

ஷோபாசக்தி 2004இல் எழுதிய நாவலின் தலைப்பு ‘ம்’. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டது அதில் வருகிறது. யாராவது கதை சொன்னால் நாம் ‘ம்’ கொட்டுவோம் இல்லையா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட? அந்த ஒற்றை எழுத்தை ஒரு படுகொலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், நான் இத்தனை வருடமாக வாசித்த வாசிப்பின் பெரும்பகுதி ‘ம்’ கொட்டியதுதான் என்று புரிந்தது. ‘அடிச்சுப் போட்ருச்சு’, ‘ரெண்டு நாள் தூக்கமே இல்ல’ என்றெல்லாம் நாம் எழுதுகிற ஸ்டேட்டஸ்களும் கொஞ்சம் நீளமான ‘ம்’தான்.

அப்படியென்றால் எதற்குப் படிப்பது? எனக்குத் தெரிந்த பதில் சின்னது. அந்த நாவல் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கருணை கூடியதாக ஆதாரம் இல்லை. ஆனால் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது, ‘ரிசோர்ஸ்’ என்ற சொல்லைக் கூசாமல் சொல்லும் வசதியை. சொல் போனதும் அதற்குப் பின்னால் இருந்த சில ஏற்பாடுகளும் ஆட்டம் கண்டன. 2023இல் மறுபடி ஒரு பட்டியல் வந்தது. இந்த முறை மெயில் போவதற்கு முன்பே மூன்று பேரிடமும் உட்கார்ந்து பேசினேன். ஒருவருக்கு வேறு டீமில் இடம் தேடிக் கொடுக்க முடிந்தது. இருவருக்கு முடியவில்லை. அதில் ஒருவர் என்னைக் கண்டபடி திட்டினார். பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டுப் போயிருந்தால் அந்தத் திட்டு எனக்கு விழுந்திருக்காது. விழ வேண்டியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதே வருடம்தான் சுசித்ரா ராமச்சந்திரனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஏழாம் உலகம்’ வெளியானது. யாரோ அதைப் பற்றி ஆபீஸில் பேசினார்கள். தோழி என் பக்கம் திரும்பி, “அந்தப் புக்ல கடைசில என்னதான் ஆச்சு?” என்று கேட்டாள்.

முடிவை அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், முத்தம்மைக்கு என்ன நடக்கிறது என்று. அதற்குப் பதிலாக, “அவங்க தங்களுக்குள்ள பேசிக்கற இடமெல்லாம் நல்லா இருக்கும். செம நக்கல். முதலாளியையே ஓட்டுவாங்க” என்றேன். நாவலில் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பே அதுதான் என்றும், அவர்களுக்குள் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றும் சொன்னேன்.

அவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது தெரியும்” என்றாள். “எங்க அண்ணன் நேத்து உன்னைப் பத்தி ஒரு ஜோக் அடிச்சான்.”

என்ன ஜோக் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவனிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.